மண்கும்பான் கூரைகளும் பீலிகளும்: ஒரு சிறு வரலாறு

போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை எங்களில் ஐந்து பேர் மண்கும்பானுக்குப் போனோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு அங்கே இருக்கு. அம்மம்மா இப்ப தனியத்தான் இருக்கிறா. மழைக்கு முதல் பீலியைத் துப்புரவாக்க ஒரு ஆள் கிடைக்கேல்லை என்று போனில் சொன்னாவாம். அதுக்கென்ன, நாங்களே வாறம் என்று ஒரு ஏணியையும் இரண்டு வாளியையும் லாண்ட்மாஸ்ரரில் போட்டுக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டினோம். வரலாற்றுக் கட்டுரை எழுதுற எண்ணம் ஒருத்தருக்கும் இருக்கேல்லை. கூரையில் ஏறினபிறகுதான் கேள்விகள் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லவேணும்: பீலி என்றால் கூரைத் தண்ணீர் ஓடுற கால்வாய். இறவாரத்தோடு, இல்லாவிட்டால் இரண்டு கூரை சந்திக்கிற பள்ளத்தில், தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ போடுறது. அம்மம்மா வீட்டில் இருப்பது இரண்டாவது வகை. பெரிய வீட்டுக் கூரையும் குசினிக் கூரையும் ஒன்றையொன்று பார்த்துச் சரிகிற இடத்தில் நீளமாக ஒரு தகரப் பீலி. அது அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்குக் கீழே திரும்பி, சிலாகையை நனைத்து, குசினிச் சுவரில் இறங்கும். போன மாரியில் அதுதான் நடந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே சாமிப் படங்களைக் கழற்றி வைத்திருந்தா.

பீலிக்குள்ளே இருந்து வந்த சாமான்களைச் சொல்லவேணும். மேலே வேப்பம் இலை, காம்பு காம்பாக. பூவரசம் இலை, பன்னாடைத் துண்டுகள், காகம் கூடு கட்டக் கொண்டுவந்த கம்பி, ஒரு டெனிஸ் பந்து. அதுக்குக் கீழே மக்கிப்போன கறுப்புச் சேறு. சேற்றுக்குள் வேர்விட்டு ஒரு சாண் உயரத்தில் ஒரு ஆலங்கன்று. அதையும் பிடுங்கினபிறகு அடியில் இரண்டு விரற்கடைக்கு வெள்ளை மணல். சிரட்டையால் சுரண்டி எடுத்தோம். முழுப் பீலிக்கும் ஒன்றரை வாளி மணல் வந்தது.

கூரைக்கு மேலே மணல் எப்படி வந்தது? அம்மம்மாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. "சோளகம் கொண்டுவரும்" என்றா. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து அடிக்கிற காற்று, கடற்கரை மணலை அள்ளி ஊருக்குள் கொட்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும். பங்குனி இலைக்கு மேலே சோளக மணல், அதுக்கு மேலே பூவரசு வருசம் முழுக்க. வாடை பெயர்ந்து ஐப்பசி மழை வரும்போது பீலி சிமெந்து பூசினமாதிரி இறுகிப்போயிருக்கும். ஆகவேதான் புரட்டாதியில் ஏறவேணும்.

எங்களைப் பிடித்த கேள்வி வேறை. பீலியின் வாய் எங்கே போகுது என்று பார்த்தோம். ஒரு தொட்டிக்கும் போகேல்லை. வளவில் நேரே கொட்டுது. கீழே ஒரு கல். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நின்ற பழைய வீடுகள் நாலைந்தையும் எட்டிப் பார்த்தோம். ஒன்றிலும் கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற ஏற்பாடு இல்லை. குடிதண்ணீருக்குத் தீவுகள் படுகிற பாடு யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் மழையை ஏன் ஒருத்தரும் பிடிக்கேல்லை?

அம்மம்மா சிரித்தா. "மழைத் தண்ணியை ஆர் மோனை பிடிச்சவை? அதை மணல் பிடிச்சு வைச்சிருந்தது."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலை விளங்கிக்கொள்ள நாங்கள் செய்த வேலை.

முதலில் கூரையில் இருந்து தொடங்குவம். தீவுப்பகுதியில் நூறு வருசத்துக்கு முந்தின சாதாரண வீடு என்றால் மண் சுவரும் பனையோலைக் கூரையும்தான். ஓலைக்கூரைக்குப் பீலி கிடையாது. ஓலை நுனியில் இருந்து தண்ணீர் நூலாகச் சொட்டும். இறவாரம் சுவரை விட்டு நல்லாய் வெளியே நிற்கும். விழுற இடத்தில் மண் குழியாமல் இருக்கத் திண்ணை ஓரத்தில் கல் அடுக்குவினம். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்காக் கூரையைப் பிரித்துப் புது ஓலை வேயவேணும். வேய்ச்சல் என்றால் அயலட்டை முழுக்க வந்து நிற்கும். கூரையைக் கவனிக்கிற வேலை அப்போது ஊரின் வேலை. ஒரு ஆள் தனிய ஏணி வைத்து ஏறுகிற வேலை பீலியோடு வந்தது.

பீலி என்ற சொல் கூரைக்கு முந்தியே எங்களிடம் இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். கிணற்றடியில் துலாவால் இறைத்த தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிற கால்வாய்க்கும் அதே பெயர்தான். பனைமரத்தின் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோற்றி. நெடுக்காய்ப் பிளந்து உள்ளே இருப்பதைக் கோலி எடுத்தால் பீலி தயார். தாலவிலாசம் என்ற பழைய நூல் பனைக்கு 801 பயன் சொல்லுது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்தப் பயனை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அம்மம்மா கண்டிருக்கிறா.

மழையைச் சேர்த்துவைத்துக் குடித்த ஒரு கட்டடம் தீவுப்பகுதியில் இருக்கு. அதன் கதை கொஞ்சம் கொடுமையானது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் அதுக்கு ஹாமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். சுற்றிவர உப்புத் தண்ணீர். உள்ளே இருந்தவர்களுக்குத் தொட்டியில் இருந்த தண்ணீர்தான் உயிர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகை போட்டபோது அந்தத் தொட்டி பீரங்கிக் குண்டுபட்டு உடைந்தது. இரண்டு கிழமை தாக்குப்பிடித்தார்கள். பிறகு தாகத்தில் சரணடைந்தார்கள். கோட்டைச் சுவர் இடியவில்லை. இன்றைக்கு அங்கே கடற்படை ஒரு விடுதி நடத்துது. போனால் போத்தல் தண்ணீர் தருவினம்.

அந்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற், காரைநகர் அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், மண்கும்பான் இருக்கிற வேலணைத்தீவு லைடன். டெல்ஃப்ற் மட்டும்தான் இன்றைக்கும் வழக்கில் இருக்கு. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ; திரும்ப வருவோம்.

ஓடு எப்ப வந்தது? மங்களூரில் பாசல் மிஷன்காரர் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். தட்டையான, ஒன்றோடொன்று கொழுவிக்கொள்கிற அந்த ஓடு தென்னிந்தியக் கரையோரம் முழுக்கப் பரவி இலங்கைக்கும் கப்பலில் வந்தது. அதே காலத்தை ஒட்டித்தான் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போகத் தொடங்கினார்கள். ரயில்வேயில், கந்தோர்களில் கிளாக்கர் வேலை. பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். தீவார் பலர் கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்து உழைத்த காசும் சேர்ந்தது. கரம்பன், நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு எங்கும் அந்தக் காலத்து வீடுகள் இன்றைக்கும் நிற்குது. சில இடிந்தபடி.

அந்த வீடுகளில் பெரியது நாற்சார். நாலு பக்கமும் அறை, நடுவில் முற்றம், நாலு கூரையும் உள்ளே பார்த்துச் சரியும். மழை பெய்தால் முழு வீட்டுத் தண்ணீரும் முற்றத்துக்குள் கொட்டும். நாலு மூலையிலும் இரண்டு கூரை சந்திக்கிற பள்ளத்தில் பீலி வைக்காவிட்டால் வீடு நாறிப்போகும். மூலைப் பீலிக்குக் கீழே கிடாரமோ அண்டாவோ வைத்துத் தண்ணீர் பிடித்ததையும், பீலிக்குக் கீழே நின்று குளித்ததையும் சொல்லாத அப்பப்பாக்கள் இல்லை. செட்டிநாட்டு வீடுகளிலும் இதே கதைதான்.

நாற்சார் வீட்டுப் பீலியை யார் துப்புரவாக்கினது என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். வீட்டுக்காரர் ஏறவில்லை. வீட்டுக்குள்ளே வரவிடாத ஆட்களைக் கூரையில் ஏறவிட்டார்கள். அவர்கள் முற்றத்தால் போகாமல் வெளிப்புறமாக ஏணி வைத்து ஏறி, முகட்டைத் தாண்டி உள்ளே இறங்கவேணும் என்று ஒரு பெரியவர் எங்களுக்குச் சொன்னார். வெட்கத்தோடுதான் சொன்னார். பென்சன் வீட்டு அழகைப் பற்றிப் படம் போடுகிற பக்கங்களில் இந்த வரி வராது. நாங்களாவது எழுதிவைப்போம்.

சரி, மண்கும்பானுக்கு வருவம். மற்றத் தீவுகளில் கிணறு சவர். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே கடல் நுழைந்து நிற்குது. மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணைச் சாட்டி என்று தெற்குக் கரையோரம் மட்டும் வேறை. அங்கே மணற்கும்பிகள் இருந்தது. ஊரின் பெயரே மண் கும்பியில் இருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்லுவினம். சொல்லாராய்ச்சிக்காரர் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது, எங்களுக்குப் பிடித்திருக்கு. மாரி மழை முழுதையும் மணல் உறிஞ்சும். உறிஞ்சின தண்ணீர் கீழே கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைவு, கடல் தண்ணீர் பாரம் கூட. அதனால் எண்ணெய் மாதிரி மேலே நிற்கும், நடு மொத்தமும் ஓரம் மெலிவுமாக, ஒரு வில்லை மாதிரி.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். 1880களின் கடைசியில் நெதர்லாந்தில் பாடன் கைபன் என்ற இராணுவப் பொறியியலாளரும், 1901இல் ஜேர்மனியில் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நல்ல செய்தி போல இருக்கு, ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். மணலை அள்ளினால் மேலே இருக்கிறதுதான் முதலில் போகும்.

இப்ப அந்தப் பெயர்கள். நெதர்லாந்தில் அம்ஸ்ரடாம் நகரம் 1853 முதல் எங்கே இருந்து குடிதண்ணீர் எடுத்தது தெரியுமா? ஹார்லெம் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை மணற்குன்றுகளில் இருந்து. அங்கே பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி வடிந்து வருகிற தண்ணீர். அளவுக்கு மிஞ்சி எடுத்து உப்பு ஏறத் தொடங்கினது. 1957 முதல் ரைன் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து மணலுக்குள்ளே விட்டு, திரும்ப எடுக்கிறார்கள். அந்த மணற்குன்றில் ஒருத்தர் ஒரு லோட் மண் அள்ள முடியாது. அது நகரத்தின் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தீவுக்கு லைடன் என்று பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மணலைக் காத்துக் குடிக்கிறார்கள். எங்கள் மணலுக்கு என்ன நடந்தது?

அதுக்கு முதல் மனிசருக்கு நடந்ததைச் சொல்லவேணும்.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் பலர் இன்றுவரைக்கும் திரும்பவில்லை. மிச்சச் சனம் வள்ளத்திலும் நடையிலும் யாழ்ப்பாணம் போனது. அங்கிருந்து வன்னிக்கு, கொழும்புக்கு, கனடாவுக்கு. 90களின் நடுப்பகுதிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். 2006 மேயில் அல்லைப்பிட்டியிலும் தீவின் வேறு ஊர்களிலுமாக ஒரு இரவு 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் பிலிப் நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் இருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. திரும்பவும் ஓட்டம்.

ஆள் இல்லாத வீட்டில் முதலில் சாகிறது பீலி. கதவு, யன்னல் களவு போறதுக்கு முதலே அது நடக்கும். ஒரு வருசம் இலை எடுக்காவிட்டால் அடைக்கும். இரண்டாம் வருசம் மக்கி மண்ணாகும். மூன்றாம் வருசம் காகம் எச்சமிட்ட ஆலம் விதை முளைக்கும். பிறகு வேர் சுவர்க் கட்டுக்குள் இறங்கும், தகரம் கறள் பிடித்துத் தொங்கும், தண்ணீர் சுவர்த் தலைப்பில் நின்று ஊறும், பனஞ்சிலாகை கறையானுக்குப் போகும். ஓடு இறங்கும். பதினைந்து வருசத்தில் கூரை முற்றத்துக்குள் கிடக்கும். மண்கும்பான் ரோட்டோரத்தில் சுவர்மட்டும் நிற்கிற வீடுகளைப் பார்த்து "ஷெல் விழுந்த வீடோ?" என்று கேட்டோம். "சிலது ஷெல். கனக்க மழை" என்றா அம்மம்மா.

2009க்குப் பிறகு கட்டட வேலைகள் எழும்பின. வீட்டுத்திட்டம், மதில், ரோட்டு, ஹோட்டல் எல்லாத்துக்கும் மணல் வேணும். மண்கும்பான், அல்லைப்பிட்டிக் கும்பிகள் ட்ரக்டரிலும் ரிப்பரிலும் பண்ணைப் பாலம் தாண்டின. சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் அகழ முடியாது. இரவு பன்னிரண்டு மணிக்கு ரிப்பர் போகிற சத்தத்தை அம்மம்மா வாயாலேயே செய்து காட்டினா. சொந்த வளவு மணலை வித்தவர்களும் இருக்கினம். அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை. முகாமில் இருந்து திரும்பி வந்து வெறும் வளவில் நிற்கிற ஆளுக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அம்மம்மா வீட்டுக் கிணறு இன்னும் நல்ல தண்ணீர். ஆனால் ஆடி, ஆவணியில் தேத்தண்ணி உறைக்கத் தொடங்கி மூன்று வருசமாச்சு என்று சொன்னா. உப்புக்கு "உறைப்பு" என்று அவ சொன்னது எங்களுக்குப் புதுசு. நாலு வளவு தள்ளி இருக்கிற கிணறு முழுச் சவர். ஒரு காலத்தில் இந்தக் கரையோர மணற்கிணறுகள்தான் மற்றத் தீவுகளுக்கும் தண்ணீர் கொடுத்தது. சாட்டியில் இருந்து பவுசரில் புங்குடுதீவுக்குத் தண்ணீர் போகும். கொடுத்த பக்கம் வாங்குகிற பக்கமாக மாறுதோ என்பதுதான் பயம்.

குழாய்த் தண்ணீர் வருந்தானே என்று கேட்பீர்கள். தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. நல்லது. வடமராட்சி கிழக்குக் கரையில் உப்பை வடித்து, குடாநாட்டை ஊடறுத்துக் குழாய் போட்டுக் கொண்டுவருகிற தண்ணீர். அதுக்குக் கரண்ட் வேணும், சவ்வு மாற்றவேணும், பில் கட்டவேணும். கூரையில் விழுகிற தண்ணீருக்கு இதொன்றும் தேவையில்லை. ஏணி மட்டும் தேவை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். யாழ்ப்பாணத்தில் வருசத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் பெய்யுது, பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள். தீவுக்குக் குறைத்து 1,000 என்று வைப்பம். 100 சதுர மீற்றர் ஓட்டுக்கூரைக்கு ஒரு லட்சம் லீற்றர். சிந்தினது, ஓடு குடித்தது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 80,000 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லீற்றர் என்றால் ஐந்து பேருக்கு நாளுக்கு 50. ஒரு 5,000 லீற்றர்த் தொட்டி நூறு நாளுக்குக் காணும். அம்மம்மா ஒரு ஆள். அவவுக்கு வருசம் முழுக்கக் காணும், மிச்சமும் வரும்.

இந்தக் கணக்கு எங்களுக்கு முதலே அரசாங்கத்துக்குத் தெரியும். 1995இல் உலக வங்கிக் காசில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டுக்கூரைத் தொட்டிகள் கட்டத் தொடங்கினார்கள். 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்திச் சட்டத்தைத் திருத்தி நகரப் பகுதிப் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அதை எல்லாக் கட்டடத்துக்கும் 2003இலேயே கட்டாயமாக்கியிருந்தார்கள். அங்கே பெரும்பாலும் கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கினார்கள், அதாவது மண்கும்பான் மணல் சும்மா செய்ததைக் குழாய் போட்டுச் செய்தார்கள்.

தொட்டி கட்டுறது ஒரு நாள் விழா. ரிப்பன் வெட்டலாம், பலகை நடலாம். பீலி துப்புரவாக்கிறதுக்கு ரிப்பன் இல்லை. தீவுகளில் நாங்கள் பார்த்த மழைத்தொட்டிகளில் சிலதுக்குள் விறகு அடுக்கியிருந்தது, ஒன்றுக்குள் கோழி. ஏன் என்று கேட்டால் "தண்ணி மணக்குது" என்று சொல்லுவினம். மணக்கும்தான். பீலியில் ஊறின வேப்பம் இலைச் சாறும் காக எச்சமும் தொட்டிக்குள் போனால் மணக்காமல் என்ன செய்யும்? முதல் மழைத் தண்ணியைப் பிடிக்கக்கூடாது என்று பழைய ஆட்கள் சொன்னது இதுக்குத்தான். கூரை கழுவுகிற அந்தத் தண்ணீரைத் தனியாக வெளியே விட இப்ப ஒரு குழாய்த்துண்டும் மூடியும் வைத்தால் போதும்.

அடைத்த பீலியில் வேறை ஒன்றும் வளரும். டெங்கு நுளம்பு. 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வீட்டில் இருப்பவரோ சொந்தக்காரரோ தண்ணீர் தேங்காமல் பார்க்கவேணும். சொந்தக்காரர் பாரிஸில் இருந்தால்? இந்த நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று படித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே கரையோர உவர்த் தண்ணீரிலும் குடம்பிகளைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கிளறின பீலியில் தண்ணீர் இல்லை. பந்துக்குள் இருந்தது. பந்து வெடித்திருந்தது.

மத்தியானம் ஸ்காபரோவில் இருந்து மாமா வீடியோவில் வந்தார். அங்கே விடியப்புறம். நாங்கள் கூரையில் நிற்கிறதைப் பார்த்து, "கவனமடா, ஏணியை ஒருத்தர் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் இன்னும் ஒரு மாதத்தில் தன் வீட்டுப் பீலிக்கு ஏறவேணும். மேப்பிள் இலை பெரிசு, கையாலே அள்ளலாமாம். பக்கத்து வீட்டுப் பைன் மரத்து ஊசிதான் கரைச்சல். வலை போட்டாலும் அதுக்குள்ளால் நுழைந்து அடியில் பாயாகப் படிந்துவிடுமாம். எடுக்காவிட்டால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பீலி பாரத்தில் பெயர்ந்து விழும். காரைநகர்ச் சவுக்கு மரத்து ஊசியும் இப்படித்தானே என்று ஒருத்தன் சொன்னான். (சவுக்கின் ஊசி இலையே இல்லை, அது பச்சைக் கிளை என்று எங்களில் தாவரவியல் படிக்கிறவள் திருத்தினாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனால் இப்படித்தான்.)

பிறகு மாமா சொன்ன விசயந்தான் அன்றைக்கு எல்லாரையும் குழப்பினது. பின்வளவில் இன்னும் ஒரு மணல் கும்பி இருக்கு. இடுப்பளவு உயரம், நாலைந்து பனை நிற்கிற இடம். அதை ஒருத்தர் விலைக்குக் கேட்டிருக்கிறார். "வித்தால் புதுப் பீலி, தொட்டி எல்லாம் போடலாம். அம்மாவுக்குத் தண்ணிப் பிரச்சினை முடியும். நானும் காசு அனுப்பிக் கொண்டிருக்கேலாது. இங்கை வட்டி ஏறிக்கிடக்கு."

மாமா கெட்ட ஆள் இல்லை. பதினேழு வயதில் இந்த வளவை விட்டுப் போனவர். அவர் சொன்னதில் கணக்குப் பிழையும் இல்லை. தொட்டிக் காசு வரும். எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்தோம். சுற்றிவர எல்லாரும் அள்ளினபிறகு ஒரு வளவுக் கும்பி மட்டும் எத்தனை தண்ணீரைப் பிடிக்கும் என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. வில்லை வளவு எல்லை பார்த்து நிற்கிறதில்லை. பக்கத்து வளவு இறைத்தால் எங்கள் கிணறும் இறங்கும். அப்படியென்றால் எங்கள் கும்பி நிற்கிறதாலே பக்கத்துக் கிணறும் கொஞ்சம் நிற்குது என்று மற்றவள் சொன்னாள். தொட்டி 5,000 லீற்றர், கூரைக்கோ 80,000. மிச்சம் 75,000மும் எங்கே போகும், அதை வாங்க மணல் வேணுந்தானே என்று அவளே கேட்டாள். அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. புழுக்கொடியலும் பிளேன்ரீயும் வந்தது.

அம்மம்மா மாமாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பீலி எத்தினை அடி எண்டு அளந்து சொல்லுங்கோ, தம்பிமார்" என்றா. நூல் பிடித்து அளந்தோம். 34 அடி. பிளாஸ்டிக் பீலி மாற்ற என்ன முடியும், தொட்டி இல்லாமல் முதலில் இரண்டு பெரிய பீப்பாய் வைத்தால் என்ன முடியும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். பீப்பாய்க் காசு எங்கள் ஐந்து பேராலும் போடக்கூடியதுதான். தொட்டிக் காசு இல்லை.

வெளிக்கிடுகிற நேரம் வாளிகளை என்ன செய்கிறது என்று கேட்டோம். இலைச் சேற்றை வாழைக்குப் போடச் சொன்னா. மணலைக் காட்டினோம்.

"உதைக் கொண்டுபோய்ப் பின்வளவுக் கும்பியிலை கொட்டுங்கோ."

கொட்டினோம். மாமாவின் பதில் இன்னும் வரேல்லை. பங்குனி இலை கொட்டி முடிய, சித்திரை விடுமுறையில் ஒருக்காப் போய் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறோம். ஏணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.